மெட்ரிக்கா, மாநகராட்சிப் பள்ளியா? முதலில் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஃபீஸ் வருடத்துக்கு 34,000. வேனுக்கு 9,000, டியூஷனுக்கு மாதம் 600. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். இங்கிலீஷ் புத்தகத்தை மடமடவென்று வாசிக்கிறாள், என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறாள். அரையாண்டில் கணக்கில் 82 மார்க். ஆனால் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியா என்று சொல்லத் தெரியவில்லை. என் அண்ணன் மகள் கார்ப்பரேஷன் பள்ளியில் அதே வகுப்பு. பேப்பரில் தலைப்புச் செய்தியை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறாள். மாற்றிவிடலாமா? மாற்றினால் பிற்காலத்தில் என் மகள் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

82 மார்க்கும் சில்லறை எண்ணத் தெரியாததும் ஒரே பிள்ளையிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் நோட்டில் போட்டுக் காட்டிய கணக்கையே, எண்ணைக்கூட மாற்றாமல் கேள்வித்தாளில் கேட்டால் 82 வரும். இந்தப் பழக்கம் தனியாரிலும் உண்டு, அரசுப் பள்ளியிலும் உண்டு. அதனால் மார்க் ஷீட்டைக் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள். பிள்ளைக்கு இன்று உண்மையில் என்ன தெரியும் என்பதை நீங்களே இரண்டு சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியை மாற்றுவதும் தப்பு, மாற்றாமல் இருப்பதும் தப்பு.

'எந்தப் பள்ளியில் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள்' என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் தனியார் பள்ளிதான் எப்போதும் முன்னால் நிற்கும். 2025 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80%, அரசுப் பள்ளிகளில் மட்டும் 91.26%. இந்த இடைவெளி முழுவதையும் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஃபீஸ் கட்டக்கூடிய குடும்பத்தில் பெரும்பாலும் அம்மா படித்திருப்பார், டியூஷன் இருக்கும், உட்கார்ந்து படிக்க ஒரு மூலையாவது இருக்கும். சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு போர்ஷனைத் தொடங்கிவிடும். மந்தமாகப் படிக்கும் பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளி. அதற்குப் பிறகு இரண்டு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிந்துவிடும்?

குடும்பத்தின் பங்கையும் பள்ளியின் பங்கையும் பிரித்துப் பார்க்க ஒரு நேர்மையான வழி குலுக்கல். பொருளாதார ஆய்வாளர்களான கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அன்றைய ஆந்திராவில் 180 கிராமங்களில் அப்படி ஒரு ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கிப் போட்டு, பெயர் வந்தவர்களுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள். குலுக்கல் என்பதால் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் ஒரே மாதிரி. நான்கு வருடம் கழித்துச் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு பக்கமும் சமம். அரசுப் பள்ளியில் சொல்லித்தராத இந்தியில் மட்டும் தனியாருக்குப் போனவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். தனியார் தரப்பில் சொல்ல ஒரு நியாயமும் அதே ஆய்வில் இருக்கிறது: தெலுங்குக்கும் கணக்குக்கும் அவர்கள் குறைந்த நேரமே ஒதுக்கினார்கள், ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவும் அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது ஆந்திரக் கிராமத்தில் நடந்தது, வியாசர்பாடிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'தனியார்' என்ற பெயர்ப்பலகைக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் ஒரு பகுதி, நம் வீட்டிலேயே நடக்கும் உழைப்புக்குச் சேர வேண்டியது. வகைக்கும் வகைக்கும் உள்ள தூரத்தைவிட, ஒரே தெருவில் உள்ள இரண்டு பள்ளிகளுக்கு நடுவிலும், ஒரே பள்ளியின் ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவிலும் உள்ள தூரம் அதிகமாக இருக்கும்.

இனி சோதனை. கிராமப்புறங்களில் 2005 முதல் பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில் வீட்டுக்கே போய்ப் பிள்ளையைப் படிக்க வைப்பார்கள்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. எந்தப் படி வரை தடங்கலில்லாமல் ஏறுகிறாளோ அதுதான் அவள் நிலை. அந்த முறையைக் கொஞ்சம் மாற்றி வீட்டில் செய்யலாம்.

முதல் நாள் மொழி. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் மகள் பார்த்திராத எட்டுப் பத்து வரிப் பகுதி ஒன்றை எடுங்கள். பார்த்திராதது என்பது முக்கியம். பழகிய பாடமென்றால் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக மேல்நோக்கி விரல் வைத்துக் கேளுங்கள். ஒப்பிக்கும் பிள்ளை அங்கே நின்றுவிடும். அடுத்து அர்த்தமே இல்லாத சில சொற்களை எழுதிக் காட்டுங்கள்: பொடுமி, கேழனை, நெளுவம். இதைப் படிக்க ஞாபக சக்தி உதவாது, எழுத்து தெரிந்திருக்க வேண்டும். எங்கே தடுக்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் வரும் கொ, கோ வரிசையில் தடுக்கினால், அது இரண்டு வாரப் பயிற்சியில் சரியாகும். ல, ள, ழ குழப்பம் பேச்சிலிருந்து வருவது, அதற்காக இப்போது கவலை வேண்டாம். 'க'வில் தொடங்கி எழுத்தையே யோசித்து யோசித்துச் சொல்கிறாள் என்றால் ஒன்றாம் வகுப்பிலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஒரு அளவுகோல் சொல்வார்கள். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்புக்கு 60 சொல் என்கிறது. தமிழுக்கு அதை அப்படியே போடாதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தாள்' நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொல் வேண்டும். வேகத்தை எண்ணுவதைவிட, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாளா என்று காதைக் கொடுத்துக் கேட்பது மேல். அர்த்தம் புரிந்து படிக்கிற பிள்ளையின் குரல் ஏறி இறங்கும்.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மூன்று கேள்வி. ஒன்றுக்குப் பதில் பத்தியிலேயே நேராக இருக்க வேண்டும். அடுத்தது 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?' மூன்றாவது 'நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?' பாடப் பயிற்சியில் உள்ள கேள்வியைத் தொடாதீர்கள். அதற்கு நோட்டில் விடை இருக்கும்.

ஆங்கிலத்துக்கு வாசிப்பைக் கேட்டுப் பயனில்லை என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். அவளுக்குத் தெரிந்த சொற்களை வைத்தே கட்டளை வாக்கியம் எழுதிக் கொடுங்கள், வாயைத் திறக்காமல் செய்யச் சொல்லுங்கள். 'புட் த ஸ்பூன் அண்டர் த பிளேட்.' 'கிவ் மீ டூ பென்சில்ஸ் அண்ட் ஒன் புக்.' இப்படிப் பத்து வாக்கியத்தில் ஏழையாவது சரியாகச் செய்தால் புரிதல் இருக்கிறது. ஸ்பூனைத் தட்டின் மேல் வைக்கிறாள் என்றால், ஆங்கில வழியில் அறிவியல் பாடத்தை எப்படிப் புரிந்துகொண்டிருப்பாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் கணக்கு. காகிதத்தில் 52–27 எழுதிக் கொடுங்கள். 25 வந்தால் சரி. 35 என்று எழுதினால், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கும் பழக்கம் என்று அர்த்தம்: 7-லிருந்து 2-ஐ எடுத்து 5, 5-லிருந்து 2-ஐ எடுத்து 3. இது கவனக்குறைவு கிடையாது. 52-ல் இருக்கும் 5 என்பது ஐம்பது என்று அவளுக்கு யாரும் தொட்டுக் காட்டவில்லை. 'கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தும் எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லாமல் விட்டால் இதுதான் நடக்கும். உங்கள் கடைச் சில்லறைப் பிரச்சினையின் வேரும் அநேகமாக இங்கேதான்.

பிறகு வாயால் ஒரு கணக்கு: "மீனாவிடம் 23 மணி இருக்கிறது. அது ராணியிடம் இருப்பதைவிட 8 அதிகம். ராணியிடம் எத்தனை?" விடை 15. 31 என்று சொன்னால் 'அதிகம்' என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டிவிட்டாள். 'மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி' என்று குறுக்கு வழி சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் இந்தத் தவறு வந்தே தீரும். இதே இரண்டு நாள் சோதனையை, உங்கள் அண்ணன் ஒத்துக்கொண்டால், அவர் மகளுக்கும் செய்யுங்கள். தலைப்புச் செய்தி படிப்பதை வைத்து மட்டும் கார்ப்பரேஷன் பள்ளிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. அந்தப் பிள்ளைக்கும் 35 வரலாம்.

தமிழ்ப் பத்தி தடங்கலில்லாமல் வருகிறது, கழித்தலும் வருகிறது, ஆங்கிலம் மட்டும் புரியவில்லை என்றால் அவசரம் ஒன்றுமில்லை. வருட முடிவு வரை அங்கேயே படிக்கட்டும். தமிழும் தடுக்கிறது, கழித்தலிலும் 35 என்றால் நீங்கள் வருடத்துக்குக் கட்டும் சுமார் 50,000 ரூபாய்க்கு அடிப்படையே கிடைக்கவில்லை. அப்போது வரும் ஜூனில், நான்காம் வகுப்பு தொடக்கத்தில் மாற்றுவது என் யோசனை. நடுவில் வேண்டாம். ஆனால் எந்த மாநகராட்சிப் பள்ளி என்பதைப் பார்த்து மாற்றுங்கள்.

அதற்கு ஒரு வேலை நாளில் காலை பத்து மணிவாக்கில் போங்கள். எச்.எம்.மிடம் நேராகக் கேளுங்கள்: நான்காம் வகுப்புக்கு ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, இடம் காலியா, அவர் ஒரு வகுப்பை மட்டும் பார்க்கிறாரா இல்லை இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்தா? கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்ப்பார்கள். ஒருவர் பயிற்சிக்கோ வேறு அலுவலக வேலைக்கோ போனால் அன்றைக்குப் பாடம் இல்லை. நல்ல ஆசிரியரும் அந்த இடத்தில் திணறித்தான் போவார்.

அடுத்து எண்ணும் எழுத்தும். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்த திட்டம் இது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று தெரிந்த அளவுக்கு ஏற்பப் பிரித்து, அந்தந்த நிலையிலிருந்து சொல்லித் தருவது இதன் சாரம். உங்கள் மகளைப் போல வகுப்பு ஏறியும் அடிப்படை ஏறாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து. மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு என்றால் மூன்றாம் வகுப்புப் பாடம்தான் ஓடும், பிள்ளை எங்கே நின்றாலும். ஆனால் திட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. "போன பருவத்தில் அரும்பிலிருந்து மொட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் அந்த வகுப்பு உயிரோடு இருக்கிறது. வருடம் முழுக்க அதே பிள்ளைகள் அரும்பிலேயே உட்கார்ந்திருந்தால், அது 'மக்கு பெஞ்ச்'சுக்கு வைத்த புதுப் பெயர்தான்.

அனுமதித்தால் இரண்டு பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் வரிக்கு வரி ஒரே விடை என்றால் போர்டைப் பார்த்து எழுதியது. தப்பான விடைக்கும் சிவப்பு டிக் இருந்தால் திருத்தாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பிள்ளையின் சொந்த வாக்கியம், பிழையோடு, பிழைக்குப் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்தில் சரியான வடிவம்: இதைப் பார்த்தால் நம்பிச் சேர்க்கலாம். இப்போது படிக்கும் மெட்ரிக் பள்ளி நோட்டையும் இதே கண்ணால் பாருங்கள். அங்கே கூடுதலாக ஒன்று கேளுங்கள்: இந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு எத்தனை மிஸ் மாறினார்கள்? சின்னத் தனியார் பள்ளிகளில் சம்பளம் குறைவு, நடு வருடத்தில் ஆசிரியர் போய்விடுவது சகஜம். மூன்று பேர் மாறியிருந்தால் உங்கள் மகளின் குழப்பத்துக்குக் காரணம் பாதி அங்கே கிடைத்துவிடும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? பல மாநகராட்சிப் பள்ளிகளில் இரண்டும் இருக்கிறது. ஸ்பூன் சோதனையில் தோற்றால் தமிழ் வழியில் சேருங்கள். 'சப்ட்ராக்‌ஷன்' கழித்தலாக, 'ஃப்ராக்‌ஷன்' பின்னமாக மாறும்போது முதல் இரண்டு மாதம் தடுமாறுவாள், மார்க் இறங்கும். 'பார்த்தாயா, கார்ப்பரேஷன் பள்ளியில் கெட்டுப்போனாள்' என்று சொந்தக்காரர்கள் சொல்வதும் அந்த இரண்டு மாதத்தில்தான். மே மாதத்திலேயே ஒரு நோட்டில் முப்பது நாற்பது கணக்குச் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழக்கிவிட்டால் பாதி தடுமாற்றம் குறையும்.

பிற்காலத்தைப் பற்றிய உங்கள் பயத்துக்கு நேரான பதில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கும் நீட்டினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளியே. அரசு உதவி பெறும் பள்ளி சேராது. இந்த வித்தியாசம் தெரியாமல் உதவி பெறும் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் வருந்தும் பெற்றோர் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆக, உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்தாலும் இந்த உரிமை எதுவும் போகாது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவுதான் கனமானது. இப்போதைய முடிவை அடிப்படை எழுத்து, எண் இரண்டை மட்டும் பார்த்து எடுங்கள்.

மாற்றுவதோ இல்லையோ, நாளைக்கே தொடங்க வேண்டிய வேலை ஒன்று வீட்டில் இருக்கிறது. ஜூன் வரை காத்திருந்தால் இன்னொரு ஐந்து மாதம் வீண். தினம் முக்கால் மணி நேரம் போதும். 15 நிமிடம் அவள் நிலைக்கு ஒரு படி மட்டும் மேலே உள்ள தமிழ்க் கதையைச் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். 10 நிமிடம் ஐந்து சொல் டிக்டேஷன். மீதி 20 நிமிடம் காசு. பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டும் கொடுத்து, "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். இரண்டு நோட்டு கொடுப்பாள், ஏழு ரூபாய்க்குக் கையில் சில்லறை இருக்காது. ஒரு பத்தை மாற்ற வேண்டும். அந்த நொடியில்தான் 'கடன் வாங்குதல்' என்றால் என்னவென்று விளங்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் காசில் மட்டும், அடுத்த வாரம் காசும் காகிதமும் சேர்த்து, மூன்றாவது வாரம் காகிதம் மட்டும். நேராகக் காகிதத்துக்குத் தாவினால் பழைய 35 திரும்பி வரும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கொரோனா மூடலுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, சாயங்காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்பால் வந்தது. பிள்ளையின் நிலைக்கு இறங்கி வந்து தினமும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தால் அந்த அளவுக்குப் பலன் உண்டு. மாதம் 600 கொடுக்கும் டியூஷனில் ஹோம் வொர்க்கை முடித்துக் கொடுப்பதற்குப் பதில் இதைச் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால் டியூஷனை நிறுத்திவிடலாம்.

கடைசியாகக் காகித வேலை. மாற்றுவதென்று முடிவானால் ஏப்ரலிலேயே டிசிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மகளுக்கு உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி அந்தத் தளத்தில் பெயரை விடுவித்தால்தான் புதுப் பள்ளி ஏற்ற முடியும், பல இடத்தில் இழுபறி இங்கேதான். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி டிசியை நிறுத்திவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, டிசி தாமதமானாலும் அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய், அவள் உட்காரப்போகும் வகுப்பறையையும் கழிப்பறையையும் அவளே பார்க்கும்படி செய்யுங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். இவை சரியில்லாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பாடம் ஏறாது.